கிப்லாக் கோடும் காந்த உணரியும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

எங்கள் மதரஸாவின் மாடிக் கூடத்தில் தொழுகை வரிசைகளுக்கான கோடுகள் பச்சை வண்ணத்தில் வரையப்பட்டுள்ளன. உற்று நோக்கினால் அவற்றின் அடியில், சற்றே சாய்ந்த வேறு சில கோடுகளின் தடம் தெரியும். தின்னர் ஊற்றித் தேய்த்தும் அவை முழுமையாக அழியவில்லை. அந்தப் பழைய கோடுகளை வரைந்தவன் நான். எட்டு நாள்கள் அவற்றின்மீது பிள்ளைகள் நின்று தொழுதார்கள். அவை எவ்வாறு பிழையாயின என்பதை எழுதி வைப்பது என்மீதுள்ள கடமை எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ளது. கிப்லா எத்திசை என்று கேட்டால் நம் மக்களில் பலர் "மேற்கு" என்று சொல்லிவிடுவர். உண்மையில் புனித கஅபா நமக்கு நேர் மேற்கில் இல்லை. வடமேற்குப் பக்கமாகச் சாய்ந்துள்ளது. வடக்கைச் சுழியமாகக் கொண்டு வலப்புறமாக எண்ணினால் நேர் மேற்கு 270 பாகை. எங்கள் ஊருக்கான கிப்லாவோ ஏறத்தாழ 293 பாகை. சென்னைக்கு ஏறத்தாழ 288. ஆக, எங்கள் ஊரில் நேர் மேற்கை நோக்கி முஸல்லா விரிப்பவர் இருபது பாகைக்கு மேல் விலகி நிற்கிறார்.

சில ஆண்டுகளாக மக்கள் கைப்பேசியை நீட்டி, "ஆலிம்சா, எங்க வீட்ல இது இப்படிக் காட்டுது, சரிதானா?" என்று என்னிடம் கேட்கத் தொடங்கினர். ஒரே வீட்டில் வாப்பாவின் கைப்பேசி ஒரு திசையையும் மகனின் கைப்பேசி வேறொரு திசையையும் காட்டிய நிகழ்ச்சியும் உண்டு. அதற்குள் என்ன இருக்கிறது என்று அறியாமல் அது சொல்வதை ஏற்கவோ மறுக்கவோ எனக்கு என்ன தகுதி உண்டு என்ற எண்ணம் என்னை உறுத்தியது.

என் தங்கையின் மகன் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் பயில்கிறான். அவனிடம் கேட்டேன். "மாமா, ஃபோனுக்குள்ள இருக்கிறது ஒரு சின்ன காந்த உணரிதான். தனியாவே விக்கிறாங்க, இருநூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். நீங்களே புரோகிராம் எழுதிப் பாருங்களேன்" என்றான். மதரஸாவுக்கு ஓர் அன்பர் அளித்திருந்த ராஸ்பெரி பை கணினி இருந்தது. நாற்பது வயதைக் கடந்த நான், அரபு இலக்கணம் பயிலும் மாணவனைப்போல் சி மொழியின் பாலபாடத்தில் அமர்ந்தேன்.

தபாலில் வந்த உணரி, கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. உறையில் எச்எம்சி5883எல் என்று அச்சிட்டிருந்தது. மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு ஒன்று, கடிகாரத் துடிப்புக்கு ஒன்று என நான்கு கம்பிகளை இணைத்தால் போதும். இவ்வகை உணரிகள் ஐ-ஸ்கொயர்-சி என்னும் முறையில் கணினியோடு பேசுகின்றன. ஒவ்வோர் உணரிக்கும் ஒரு முகவரி எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லி அழைத்தால்தான் மறுமொழி வரும். லினக்ஸில் அந்தத் தகவல் பாதையை ஒரு கோப்பைப்போலவே திறந்து, படிக்கவும் எழுதவும் முடிகிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

எச்எம்சி5883எல் சில்லின் முகவரி 30. அந்த எண்ணைக் கொண்டு நிரல் எழுதி இயக்கினேன், பதிலே இல்லை. கம்பிகளை மாற்றினேன், நிரலை வரிவரியாகச் சரிபார்த்தேன், இரண்டு இரவுகள் கழிந்தன. மூன்றாம் நாள் மருமகன் வந்து, முகவரிகளை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்கும் கட்டளையை இட்டான். 13 என்ற எண்ணிலிருந்து மறுமொழி வந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் சில்லின் முதுகைப் பார்த்தபோது வேறு எழுத்துகள் தென்பட்டன. அது கியூஎம்சி5883எல் என்னும் மற்றொரு சில்லு. ஒன்றன் பெயரில் மற்றொன்றை விற்பது இச்சந்தையில் வழமை என்றான்.

இரண்டும் ஒரே வேலையைச் செய்பவைதாம். ஆனால் பேசும் முறை வேறு. முதலாவது ஒவ்வோர் எண்ணின் பெரிய பாதியை முதலில் அனுப்பும்; இரண்டாவது சிறிய பாதியை முதலில் அனுப்பும். முதலாவது எக்ஸ், இசட், ஒய் என்ற வரிசையில் தரும். இரண்டாவது எக்ஸ், ஒய், இசட் என்று தரும். ஒன்றுக்கு எழுதிய நிரலைக் கொண்டு மற்றதைப் படித்தால் எண்கள் வரலாம்; பொருள் இராது. முதலாவது சில்லில் எச், 4, 3 என்னும் மூன்று குறிகளைத் தாங்கிய அடையாள ரெஜிஸ்டர்கள் உள்ளன. "நீ யார்?" என்று முதலில் கேட்டுவிட்டே செய்தியைப் பெற வேண்டும் என்பது அதன் கருத்து. அறிவிப்பாளர் யார் என்று ஆராயாமல் ஹதீஸை ஏற்கலாகாது என்று நாள்தோறும் பாடம் நடத்தும் நான், உறையின் மேலிருந்த பெயரை நம்பி இரண்டு இரவுகளை இழந்தேன்.

பிறகும் பிழைகள் ஓயவில்லை. உணரி தரும் ஒவ்வோர் எண்ணும் இரண்டு பைட்டுகளாக வருகிறது. ஒன்றை எட்டு இடம் நகர்த்தி மற்றதோடு சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்த்து 'இன்ட்' என்னும் வகையில் வைத்தேன். எதிர்மறையாக வர வேண்டிய இடங்களில் எல்லாம் அறுபத்தைந்தாயிரத்தை ஒட்டிய எண்கள் வந்தன. இக்கணினியில் இன்ட் என்பது 32 பிட் அகலம் கொண்டது. உணரியின் எண்ணோ 16 பிட். ஆதலால் மைனஸ் 100 என்பது 65,436 ஆகத் தெரிந்தது. 16 பிட் குறியுடைய எண் என்று தெளிவாக அறிவித்த பின்னரே அது சீரானது. கிப்லாவைக் கணக்கிடும் பகுதியில், சைன், காஸ் சார்புகளுக்குப் பாகையிலேயே எண்ணைக் கொடுத்துவிட்டேன். சி மொழியில் அவை ரேடியனையே ஏற்கும். கிழக்கே திருப்பினால் 90 காட்ட வேண்டிய கருவி 270 காட்டியது. ஒய் அச்சின் குறியை மாற்றியதும் திருந்தியது.

கிப்லாவுக்கான கணக்கு நம் முன்னோர் வகுத்ததுதான். இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை அறிந்தால் கோள முக்கோணவியலால் திசை கிடைக்கும். கஅபா வடக்கு அட்சரேகை 21.42, கிழக்குத் தீர்க்கரேகை 39.83 பாகையில் உள்ளது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனீ அவர்கள் கஸ்னா நகரின் கிப்லாவைக் கணக்கிடுவதற்காகவே நகரங்களின் ஆயத்தொலைவுகளை ஆராய்ந்து ஒரு நூலை இயற்றினார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் யமனை ஆண்ட சுல்தான் அல்அஷ்ரஃப் உமர் அவர்கள், காந்த ஊசியைக் கொண்டு கிப்லாவை அறியும் முறையை எழுதினார்கள். அவ்விருவரின் வேலையையும் ஒரு சிறு பலகையில் செய்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்ததை எண்ணி அல்லாஹ்வைப் புகழ்ந்தேன்.

காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. எங்கள் பகுதியில் காந்த வடக்கு ஏறத்தாழ இரண்டு பாகை மேற்கே விலகியுள்ளது. எனவே 293 பாகையில் உள்ள கிப்லாவை நோக்கும்போது என் கருவி 295 காட்ட வேண்டும். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டால் பிழை இரட்டிப்பாகும்.

இவற்றைவிட முக்கியமான வேலை ஒன்று இருந்தது. உணரியை ஒரு மரப்பலகையில் பொருத்தி, அருகில் பவர் பேங்கையும் கணினியையும் வைத்திருந்தேன். அவற்றிலுள்ள இரும்பும் காந்தமும் உணரியை எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அதைக் கண்டறிய வழி எளிது. பலகையைச் சமதளத்தில் வைத்து மெல்ல ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். பிழையில்லாத உணரியாயின் இரு அச்சுகளின் எண்களும் சுழியத்தை நடுவாகக் கொண்ட வட்டமாக அமையும். எனக்கு எக்ஸ் அச்சு மைனஸ் 1510 முதல் 890 வரையும், ஒய் அச்சு மைனஸ் 940 முதல் 1420 வரையும் வந்தது. அதாவது வட்டத்தின் நடு, சுழியத்தில் இல்லை. ஒன்றில் மைனஸ் 310, மற்றதில் 240 என நகர்ந்திருந்தது. வரும் ஒவ்வோர் அளவிலிருந்தும் இவற்றைக் கழித்துவிட்டால் கருவி தன்னோடு சுமந்து திரியும் இரும்பின் பிழை நீங்கிவிடும்.

அதைச் செய்து முடித்த இரவு எனக்குள் பெருமிதம் புகுந்தது. இனி என் கருவி தவறாது என்று மனம் உறுதி கொண்டது.

ஜூலை முதல் வாரத்தில் மாடிக் கூடம் கட்டி முடிந்தது. ஹிஃப்ழு வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர் லுஹரும் அஸரும் அங்கே தொழ ஏற்பாடு. கோடு போட நான் கருவியோடு மேலே சென்றேன். கூடத்தின் முன்பக்கத் தூணை ஒட்டித் தரையில் பலகையை வைத்து, 295 வரும்வரை திருப்பினேன். மூன்று முறை எடுத்துவிட்டு மீண்டும் அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் ஒரே திசை. நூல் பிடித்துக் கோடு இழுக்கச் சொன்னேன்.

எங்கள் பள்ளியின் மோதினார் எழுபது வயதைக் கடந்தவர். ஏறி வந்து கோட்டைப் பார்த்துச் சற்று நேரம் நின்றார்.

"கீழ உள்ள கோடு இப்படிப் போகலையே ஆலிம்சா. அது எங்க வாப்பா காலத்துல ஒரு பெரிய ஆலிம்சா வந்து, நிழல் பார்த்துப் போட்டது."

"அது பழைய காலத்துக் கணக்கு அப்பா. இது கருவி சொல்றது. மூணு தடவை பார்த்துட்டேன்."

"நீங்க ஓதுனவங்க. சரியாத்தான் இருக்கும்" என்று கூறி இறங்கிவிட்டார். அன்று அஸருக்கு அவரே மேலே வந்து, என் கோட்டின்மீது எனக்குப் பின்னால் நின்று தொழுதார். அவர் வாதிட்டிருந்தால் நான் மீண்டும் அளந்திருப்பேனோ என்னவோ. அவருடைய பணிவை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

ஆண்டில் இரண்டு முறை, மே 28ஐ ஒட்டியும் ஜூலை 15, 16ஐ ஒட்டியும், மக்காவில் நண்பகல் நேரத்தில் சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது. அந்நொடியில் உலகில் சூரியனைக் காண்போர் அனைவருக்கும் சூரியன் இருக்கும் திசையே கிப்லாவாகும். நம் நாட்டு நேரப்படி மே மாதத்தில் அது பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. பிள்ளைகளுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று நான் முன்பே திட்டமிட்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், என் கருவியைச் சூரியனே மெய்ப்பிப்பதை அவர்கள் காண வேண்டும் என்பதே என் ஆசை.

ஜூலை 15 அன்று, கூடத்தை ஒட்டிய திறந்த மாடியில் ஐந்தடி மூங்கில் கழி ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினோம். அது நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தோம். என் கிப்லாக் கோட்டை நூல் பிடித்து வாசல் வழியாகக் கழியின் அடிவரை நீட்டினேன். வானத்தில் மேகம் இல்லை. 2.57க்கு ஒரு மாணவன் நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் குறியிட்டான். நிழல் ஏறத்தாழ நான்கடி நீளம். நுனியிலிருந்து கழியின் அடிக்குக் கோடு இழுத்தால் அதுவே கிப்லா.

என் நூலும் அந்தக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படியவில்லை. இரண்டையும் பத்தடி நீட்டி அளந்தபோது முனைகளுக்கு இடையே ஏறத்தாழ மூன்றடி இடைவெளி. பதினாறு பாகை. எவரும் பேசவில்லை. பிறகு பத்து வயது மாணவன் ஒருவன் கேட்டான்: "ஆலிம்சா, எது சரி?"

எனக்குச் சில மறுமொழிகள் தோன்றவே செய்தன. கழி சாய்ந்திருக்கலாம், கடிகாரம் பிந்தியிருக்கலாம், மறுபடி பார்ப்போம் எனலாம். ஆனால் அக்கழியை நேராக நிறுத்தியவனும் நானே. நேரம் பார்த்தவனும் நானே. ஆண்டு முழுவதும் அப்பிள்ளைகளுக்கு உண்மை பேசுக என்று ஓதிக் கொடுத்துவிட்டு அன்று மழுப்பியிருந்தால், அவர்கள் கற்றிருக்கக்கூடிய பாடம் வேறாக இருந்திருக்கும். "நிழல்தான் சரி. நான் போட்ட கோடு தவறு" என்றேன். கீழே சென்று பார்த்தோம். மோதினாரின் வாப்பா காலத்துக் கோடு, நிழற்கோட்டிலிருந்து இரண்டு மூன்று பாகைக்கு மேல் விலகவில்லை.

அன்றே என் உஸ்தாதைத் தொலைபேசியில் அழைத்து, எட்டு நாள் தொழுகைகளைப் பற்றிக் கேட்டேன். அவர்கள் கூறிய தீர்ப்பு எங்கள் மத்ஹபுக்கும் எங்கள் சூழலுக்கும் உரியது. அதை எல்லாருக்கும் பொதுவாக்கி இங்கே எழுதுவது முறையன்று. இத்தகைய நிலை உங்களுக்கு நேர்ந்தால் உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். மஃரிப் தொழுகைக்குப் பின் ஜமாஅத்தார் முன் எழுந்து, மாடிக் கோடு பிழையானது என்றும், பிழை என்னுடையது என்றும், மோதினார் முதல் நாளே எச்சரித்தார் என்றும் அறிவித்தேன். சொல்வதற்கு முன் என் நா வறண்டது. சொல்லி முடித்தபின் நெஞ்சு இலேசாயிற்று. மோதினார் அப்பா அருகே வந்து என் கையைப் பற்றி, "தூணுக்குள்ள கம்பி இருக்குல்ல ஆலிம்சா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டதே காரணம். மறுநாள் பிற்பகல் கழியையும் கருவியையும் பள்ளிக்குப் பின்னால் உள்ள மணல்வெளிக்கு எடுத்துச் சென்றேன். கட்டடத்திலிருந்து நாற்பது அடி தள்ளிக் கழியை நட்டு, நிழற்கோட்டின் நெடுகே பலகையை வைத்தேன். கருவி 296 காட்டியது. வர வேண்டியது 295. நிரலில் பிழையில்லை, கணக்கிலும் பிழையில்லை. மாடிக்குத் திரும்பி, தூணருகே வைத்த பலகையைத் திசை மாற்றாமல் கூடத்தின் நடுவுக்கு நகர்த்தினேன். எண் ஒன்பது பாகை மாறியது. உயரமான மர முக்காலியின்மேல் வைத்தேன், மீண்டும் மாறியது. பூமியின் காந்தப்புலம் எங்கள் பகுதியில் ஏறத்தாழ 0.4 காஸ் அளவே, மிக மெல்லியது. தூணிலும் தளத்திலும் புதைந்த இரும்புக் கம்பிகள் அருகிலிருந்து அதை எளிதில் வளைத்துவிடுகின்றன.

பலகையைச் சுற்றிக் கண்டறிந்த திருத்தம், கருவியோடு கூடவே வரும் இரும்புக்கு உரியது. இடத்தில் இருக்கும் இரும்பை அது அறியாது. என் பிழை இதுதான்: கருவியின் குறையை நீக்கியதும், நிற்கும் இடத்தின் குறையும் நீங்கிவிட்டதாக எண்ணினேன். மூன்று முறை ஒரே விடை வந்ததையும் சான்றாகக் கொண்டேன். ஒரே அறிவிப்பாளர் ஒரு செய்தியை மூன்று முறை கூறினால் அவர் மூன்று அறிவிப்பாளர்கள் ஆகிவிட மாட்டார். வேறு வழியில் வந்த செய்தி கீழ்த்தளத்துக் கோட்டிலும் ஒரு முதியவரின் நாவிலும் இருந்தது. அதை நான் கேட்கவில்லை.

கிப்லா மாற்றப்பட்ட செய்தி வந்தபோது, குபாவில் தொழுதுகொண்டிருந்தோர் தொழுகையின் நடுவிலேயே கஅபாவை நோக்கித் திரும்பினர் என்பதை நாம் அறிவோம். இதுவரை நின்ற திசையை விட்டுத் திரும்புவதை அவர்கள் இழிவாகக் கருதவில்லை. அந்த வரலாற்றைப் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒரு முறை நானே திரும்ப வேண்டி வந்தபோதுதான் அதன் எடை விளங்கியது.

இதை வாசிக்கும் குடும்பத்தாருக்குச் சில சொற்கள். உங்கள் கைப்பேசியில் இருப்பதும் இத்தகைய உணரியே. அதைக் காற்றில் எட்டு வடிவில் சுழற்றச் சொல்வது, அது தன்னோடு சுமக்கும் காந்தத்தின் பிழையைக் கண்டறியவே. காந்தப் பூட்டுள்ள உறையைக் கழற்றிவிடுங்கள். இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, ஒலிபெருக்கி, சன்னல் கம்பி, தூண் ஆகியவற்றை விட்டு விலகி, முடிந்தால் வீட்டுக்கு வெளியே திறந்த வெளியில் பாருங்கள். இரண்டு மூன்று இடங்களில் பார்த்து ஒப்பிடுங்கள். எண்கள் இடத்துக்கு இடம் மாறினால் கைப்பேசியை ஒதுக்கிவிட்டு, மே 28 அல்லது ஜூலை 16 வரும்வரை ஊர்ப் பள்ளிவாசலின் திசையைப் பின்பற்றுங்கள். அந்நாளில் 2.48க்கோ 2.57க்கோ பிள்ளைகளை அழைத்து ஒரு கழியை நட்டு நிழலைப் பாருங்கள். ஒரு நாள் முன்பின்னாக அமைந்தாலும் விலகல் மிகச் சிறிதே.

கருவி இப்போது மதரஸா அலமாரியில் இருக்கிறது. மருமகன் விடுமுறையில் வரும்போது பெரிய மாணவர்களுக்கு அதைக் கொண்டு சி மொழி கற்றுத் தருகிறான். முதல் பாடமாக அவர்களை மாடிக்கு அழைத்துச் சென்று, தூணருகே ஒரு முறையும் மணல்வெளியில் ஒரு முறையும் அளக்கச் சொல்கிறான். அழியாமல் நிற்கும் அந்தப் பழைய தடத்தைக் காட்டி, அது யார் போட்டது என்றும் சொல்லுமாறு நானே அவனிடம் கூறியிருக்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் முகங்களை அவன் விரும்பும் திசையில் நிலைக்கச் செய்வானாக! அறியாமல் விலகியதை மன்னித்து, அறிந்தபின் திரும்பும் துணிவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக! ஆமீன்.